மொட்டைத் தலையில் சந்தனம்

விக்கிரமசிங்கபுரத்துச் சுடுகாட்டை விட்டு அம்பாசமுத்திரம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். ஆற்றில் முங்கி எழுந்த வேட்டி காலோடு ஒட்டி நடையைத் தடுத்தது. சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்கு அது வசதியாக இருந்தது. படித்துறையில் கிடந்த துணிப்பையையும் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் மேலே ஏறி வந்துவிட்டேன். மில் வாசலில் பஸ் நிற்கும். அங்கே நின்றால் யாராவது பார்த்து, வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்பார்கள். அதனால் நடந்தேன்.

எரிந்துகொண்டிருந்த அந்த அம்மா எனக்கு உறவு இல்லை. பாளையங்கோட்டையில் நான் பயிற்சி எடுத்த வார்டில் படுத்திருந்தவர். அவர் மகனிடம் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். திங்கட்கிழமை பயிற்சி நிலையத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரையை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் ஆஸ்பத்திரி வேலை. மருத மர நிழலில் நடக்கும்போது, அந்தக் கட்டுரையை நான் ஒப்படைக்கப் போவதில்லை என்பது தெரிந்துவிட்டது. பெரிய முடிவு எடுத்த மாதிரியெல்லாம் இல்லை. பசி இருக்கிறது, வேட்டி ஈரமாக இருக்கிறது என்பது மாதிரி அதுவும் தெரிந்தது.

படிப்பு என்று எனக்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பில் தோற்று வீட்டை விட்டுப் போனவன். தூத்துக்குடியில் உப்பளம், கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ், சங்கரன்கோவிலில் ஹோட்டல் மேஜை துடைப்பது என்று அலைந்தேன். ஓரிடத்தில் ஒரு வருஷம் இருந்ததில்லை. சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் ஒருநாள் என் சித்தப்பா மகன் எதிரே வந்தான். என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தான். என் அப்பா செத்து, பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, வீட்டுக்கு வெள்ளையும் அடித்து முடித்திருந்தார்கள். நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாததால் ஆள்விட்டுச் சொல்ல வழியில்லை. அம்மா ஏற்கெனவே இல்லை. வீட்டுக்குப் போய் ஒருவேளை சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

அதன்பிறகுதான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். ஒரு அறக்கட்டளை நடத்தியது, ஒரு வருஷம். நோயாளியைத் தூக்குவது, புரட்டிப் படுக்க வைப்பது, படுக்கைப் புண் துடைப்பது, நாடி பார்த்து எழுதுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். வெள்ளைச் சட்டை தந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தபோது ஒரு கிழவர் எழுந்து உட்காரப் பார்த்தார். என்னை டாக்டர் என்று நினைத்துவிட்டார். இந்த ஓர் இடத்தில் இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

கடைசி மூன்று மாதத்தில் ஆய்வு. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து செய்ய வேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவன் தச்சநல்லூர்க்காரன், எந்நேரமும் வாய் ஓயாதவன். எங்கள் டீச்சர் பழைய நர்ஸ். அவர் வகுப்பில் சொன்னது இப்போதும் அப்படியே நினைவிருக்கிறது.

"புஸ்தகத்தப் பாத்து எழுதாதீங்க. இந்த வேலையில எது சரி, எது தப்புன்னு உங்களத் திணற அடிச்ச ஒரு கேள்விய எடுங்க. நாலு பேருகிட்ட போயிக் கேளுங்க. யாரப் பத்தி எழுதுதீங்களோ அவங்களுக்கு முழுசா வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கணும். கையெழுத்து இல்லாம ஒரு வரி இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்."

"டீச்சர், எனக்கு ஒங்க பரீட்சைதான் திணறுது. அதப் பத்தி எழுதட்டா?" என்றான் தச்சநல்லூர்க்காரன்.

"எழுது. நானே கையெழுத்துப் போடுதேன், ஃபெயிலுன்னு."

நாங்கள் எடுத்த கேள்வி, சாவை மறைத்துச் சொல்லலாமா என்பது. அதை எங்களுக்குக் கொடுத்தது ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத். வார்டில் ஒரு உயிர் போனால், அந்த வீட்டுக்காரர்கள் நேரே அங்கேதான் ஓடுவார்கள். பம்பாய்க்கும் மெட்ராஸுக்கும் துபாய்க்கும் பேசுவார்கள். ஒருவர்கூடச் செத்துவிட்டார் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "கொஞ்சம் முடியல, சீரியஸா இருக்கு, ஒன்னப் பாக்கணும்னு சொல்லுதாரு, ஒடனே பொறப்பட்டு வா." கண்ணாடிக் கதவுக்குள் கண்ணீர் வழிந்துகொண்டிருக்கும், குரல் மட்டும் அழாது. அந்தப் பக்கத்து ஆள் ராத்திரி பகலாகப் பயணம் செய்து வருவான். பஸ் நிலையத்தில் அவனைக் கூட்டிப்போக இரண்டு பேர் நிற்பார்கள். தெருமுனை திரும்பிப் பந்தலைப் பார்க்கிறபோதுதான் அவனுக்கு விஷயம்.

இது சரியா என்று கேட்டுக்கொண்டு போனோம். பூத் அண்ணாச்சி சிரித்தார்.

"நேரா சொன்னா அவன் அங்கனயே விழுந்துருவான் வே. பம்பாயில விழுந்தா யாரு தூக்குவா? இங்கன வந்து விழட்டும். தூக்குததுக்குச் சொந்தக்காரன் இருக்கான்."

ஒரு பஸ் கண்டக்டர், "வண்டிக்குள்ள ஒருத்தன் அழுதான்னு வையி, ஒருத்தனும் டிக்கெட் எடுக்க மாட்டான். பாதிப் பேரு தேத்துவான், பாதிப் பேரு கத கேப்பான்" என்றார். கேட்ட எல்லாரும் மறைப்பதுதான் சரி என்றார்கள். நான் ஒருவன் மட்டும் தப்பு என்றேன். வழியெல்லாம் ஒருத்தனை நம்ப வைத்துக் கூட்டிவந்து வாசலில் தள்ளுவது என்ன நியாயம் என்று கேட்டேன். தச்சநல்லூர்க்காரன் நான் சொல்வதை எழுதிக்கொண்டே, "ஒனக்குப் பொய் சொல்லக்கூட ஆளு இல்லாமப் போச்சு, அந்தக் கடுப்புலே" என்றான். அவன் அப்படித்தான் பேசுவான். அதில் பொய்யும் இல்லை.

அந்த அம்மாவை வார்டில் சேர்த்தது அப்போதுதான். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். இதயம் பழுதாகி நெஞ்சில் நீர் கோத்திருந்தது. படுத்தால் மூச்சு முட்டும், அதனால் முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்குவார். வீட்டுக்காரர் நூல் மில்லில் வேலை பார்த்துச் சில வருஷத்துக்கு முன் இறந்துபோனவர். கூட இருந்து பார்த்துக்கொண்டது அந்த அம்மாவின் தம்பி. அவரும் மில்காரர்தான். ஒரே மகன் பம்பாயில் ஒரு இட்லிக் கடையில் இருந்தார். டாக்டர், வரவேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்று தம்பியிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்கும் அது தெரியும். மகன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும், வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

தம்பி என்னிடம் வந்தார்.

"எய்யா, மருமகனுக்குப் போன் போடணும். காய்ச்சலு, வந்து பாத்துட்டுப் போன்னு சொல்லட்டா? நெசத்தச் சொன்னா பதறிருவான் பாத்துக்கோ."

"அப்படிச் சொல்லாதீங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க. உயிரோட இருக்காங்க, ஆனா நாள் கம்மி, சீக்கிரம் வந்தா பாத்துரலாம். இதுல மறைக்க என்ன இருக்கு?"

"எனக்கு வராது. நீயே சொல்லு."

பம்பாயில் மகனின் கடைக்குப் பக்கத்துக் கடையில் போன் இருந்தது. ஆளைக் கூப்பிடச் சொல்லி, வைத்துவிட்டு, மறுபடி போட்டோம். மகன் வந்தார். நான் யார் என்று சொன்னேன். அம்மாவுக்கு என்ன என்று தெளிவாகச் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, எந்தக் கட்டில் என்பதுவரை சொன்னேன்.

"எப்ப?" என்றார்.

"எப்பன்னா?"

"எப்ப முடிஞ்சுது?"

"அய்யோ, முடியல அண்ணாச்சி. உயிரோட இருக்காங்க. உங்களத்தான் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

"கேக்கத்தான் செய்வா. எங்கப்பாவும் என்னத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாருன்னு சொன்னாங்க. நான் ஸ்வெட்டர் வாங்கிட்டு ஓடி வந்தேன். அதப் பாடைக்கு மேல போட்டாங்க வே."

"இது அப்படி இல்ல. சத்தியமா உயிரோட இருக்காங்க."

"சத்தியமே பண்ணிட்டீரா. சரி. எங்கம்மாவ ஒரு வார்த்த பேசச் சொல்லும் பாப்போம்."

"அவங்களால ரோட்டத் தாண்டி நடந்து வர முடியாது."

"ஆமா. எப்படி நடப்பா" என்றார். குரல் உடைந்துவிட்டது. "மாமா இருந்தா குடும்."

நான் போனைத் தம்பியிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக் காதில் வைத்து, மருமகன் குரலைக் கேட்டதும், ஒரு சொல்கூடச் சொல்லாமல் விம்மி அழுதார். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் பூத் அண்ணாச்சி என்னைப் பார்த்து, "இவ்வளவு விவரமா சொன்னா எவன் நம்புவான்?" என்றார். நான் மறுபடி போன் போட்டேன். மகன் கிளம்பிவிட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். உண்மையில் கிளம்பவில்லை, கடைக்கு மாற்று ஆள் ஏற்பாடு செய்யப் போயிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ரயில் வந்துசேர இரண்டு நாளுக்கு மேல் ஆகும், அதுவரை உடலை வைத்திருக்க மாட்டார்கள், இனி ஓடி என்ன என்று நினைத்திருக்கிறார்.

அந்த அம்மா காத்திருந்தார். வார்டுக் கதவு கிரீச்சிடும்போதெல்லாம் கழுத்தைத் திருப்புவார். நான் நாடி பார்க்க மணிக்கட்டைப் பிடித்தால், "எய்யா, ரயிலு இப்ப எங்கன வந்திருக்கும்?" என்று கேட்பார். எனக்குத் தெரிந்த ஸ்டேஷன் பெயர்களைச் சொல்வேன். பூனா தாண்டியிருக்கும், குண்டக்கல் வந்திருக்கும், மெட்ராஸில் மாறியிருப்பார். நான் மெட்ராஸுக்கே போனதில்லை. பெயர்கள் தீர்ந்துபோனபிறகும் மகன் வரவில்லை. "குண்டக்கல்லதானே நேத்தும் நின்னுச்சு?" என்றார். மூச்சுக்கு நடுவே சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. தம்பி வராந்தாவுக்குப் போய்விட்டார்.

மகன் வந்தது ஒரு மத்தியானம். வராந்தாவில் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்த தம்பி, "ஏலே பாவி" என்று கத்தியதைக் கேட்டு வெளியே போனேன். தூக்கு உருண்டு படியில் இறங்கியது. எதிரே ஒருவர் உடம்பிலேயே காய்ந்து கசங்கிய வேட்டியோடு நின்றார். தலை மொட்டை. மீசையும் இல்லை. மீசை இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"என்னலே பண்ணிட்டு வந்திருக்க! அவ ஒன்னப் பாக்கத்தானே உயிரப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா!"

"இருக்காளா? நெசமாவே இருக்காளா?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

விடியற்காலை திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ்ஸில் வரும் தூரம்தான். ஆனால் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று நாங்கள் சொன்னதையும் பொய் என்றுதானே நினைத்திருந்தார். நேரே, ஊரைத் தாண்டிப் பாபநாசம் கோயிலுக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டார். தாய்க்குக் கொள்ளி வைக்கக் கிடைக்காத பிள்ளை, முடி எடுத்துத் தலை முழுகாமல் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று கோயில் படித்துறையில் உட்கார்ந்து மொட்டை போட்டு, ஆற்றில் முங்கி, விக்கிரமசிங்கபுரம் வரை ஈரத்தோடு நடந்திருக்கிறார். வாசலில் பந்தலும் இல்லை, வாழையும் இல்லை. வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா இவரைப் பார்த்து முதலில் கத்தியிருக்கிறார், பிறகு திட்டியிருக்கிறார். அதற்கும் இவர் நம்பவில்லை. என் பிள்ளை மேல் ஆணை என்று அவர் தன் மகன் தலையில் அடித்துச் சொன்ன பிறகுதான் திரும்ப பஸ் ஏறியிருக்கிறார்.

இப்போது வார்டுக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே போக மாட்டேன் என்றார்.

"இந்தத் தலையோட எப்படி மாமா போயி நிப்பேன்? துண்டக் கட்டிக்கிடட்டா?"

"துண்ட அவுத்துருன்னு அவ சொன்னா என்னலே பண்ணுவ?"

நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். திருச்செந்தூரில் முடி இறக்கினால் மொட்டையில் சந்தனம் பூசுவார்கள். துக்கத்துக்கு எடுத்த தலையில் சந்தனம் இருக்காது. மார்க்கெட் பக்கம் பூஜைச் சாமான் கடைக்கு ஓடிச் சந்தன வில்லை வாங்கி வந்தேன். வராந்தாக் குழாயில் உள்ளங்கையில் தண்ணீர் பிடித்துக் கரைத்தேன். அவர் தரையில் குந்தி உட்கார்ந்து தலையைக் கொடுத்தார். நான் பூசினேன். தலை சூடாக இருந்தது. இரண்டு இடத்தில் கத்தி கீறிய காயம், அதில் சந்தனம் பட்டதும் தோள் குலுங்கியது. எரிச்சலா அழுகையா என்று நான் குனிந்து பார்க்கவில்லை.

உள்ளே போனோம். அந்த அம்மா கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மகனைப் பார்த்ததும் முகம் முதலில் மலர்ந்து, பிறகு அப்படியே நின்றுவிட்டது. நான் பேசினேன்.

"யம்மா, ஒங்களுக்காக நேந்துக்கிட்டு நேரா திருச்செந்தூர் போயி முடி எறக்கிட்டு வாறாரு. அதான் தாமசம்."

அவர் கையை நீட்டினார். மகன் கட்டிலோரம் மண்டியிட்டார். அந்த அம்மா மொட்டைத் தலையைப் பைய தடவினார். உள்ளங்கையில் ஒட்டிய சந்தனத்தை மோந்து பார்த்தார். பிறகு ஒரு விரலால் மகனின் மேலுதட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தொட்டார்.

"மீசையையும் முருகன் கேட்டானாக்கும்?"

"ஆமாம்மா."

"நல்லா கேட்டான்" என்றார். "சாப்பிட்டியாய்யா?"

அன்று முழுக்க மகன் கையை அவர் விடவில்லை. மகன் இட்லிக் கடையைப் பற்றி, பம்பாய் மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் டீச்சர் வந்தபோது தச்சநல்லூர்க்காரன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

"இதுதான் ஒங்க கட்டுர. உண்மையச் சொன்னேன், நம்பல. பொய்யச் சொன்னேன், அந்தம்மா நிம்மதியா இருக்கு. நடந்தத ஒண்ணுகூட விடாம எழுது. மகன்கிட்ட வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கிரு."

தச்சநல்லூர்க்காரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏலே, நமக்குத்தான் மொத மார்க்கு" என்று முதுகில் அடித்தான்.

மறுநாள் காலையில் மகன் டீ குடிக்க வெளியே போயிருந்தார். நான் அந்த அம்மாவுக்கு முதுகு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். எலும்பெல்லாம் கையில் தட்டுப்பட்டது.

"எய்யா" என்றார். "பாவநாசத்துலதானே எடுத்தான்?"

நான் துணியைப் பிழிந்தேன்.

"கடல்ல முங்குன ஒடம்பு பிசுபிசுன்னு இருக்கும். தலையத் தொட்டாலே உப்பு ஒட்டும். இது ஆத்துத் தண்ணி. அவுக அப்பனுக்கும் அங்கனதான் எடுத்தான்."

"யம்மா, அது வந்து..."

"போனுல நீதான் சொன்னியாமே, இருக்கா இருக்கான்னு. தம்பி சொன்னான். நீ என்ன செய்வ." மூச்சு வாங்க நிறுத்தினார். "அவன்கிட்ட சொல்லிராத. நான் நம்பிட்டேன்னே இருக்கட்டும். என்னைக்காவது கேப்பான், அவன் அப்பிடித்தான், கேக்காம விட மாட்டான். கேட்டா, அம்மா நம்பிட்டாள்னு சொல்லு."

"சரிம்மா."

"இல்லன்னா காலத்துக்கும் தலையத் தடவிக்கிட்டே இருப்பான்."

அன்று சாயங்காலம் மகன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்த வாக்கிலேயே போய்விட்டார். தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவரைப் படுக்க வைத்தது நான்தான். அத்தனை நாளில் அவர் மல்லாந்து படுத்து அப்போதுதான் பார்த்தேன். வேனில் ஊருக்குக் கொண்டு போனார்கள். தம்பி என்னையும் வா என்று கூப்பிட்டார். போனேன்.

மறுநாள் ஆற்றங்கரையில் சடங்கு. நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். மகன் வந்து அவர் முன்னால் உட்கார்ந்தார். நாவிதர் தலையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். மழிக்க ஒன்றும் இல்லை. ஒரு பெரியவர், "முறைக்கு ஒரு தடவ ஓட்டும்" என்றார். நாவிதர் சொம்புத் தண்ணீரைத் தலையில் தெளித்து, கத்தியின் மழுங்கிய பக்கத்தைத் திருப்பி, உச்சியிலிருந்து பிடரிவரை ஒருமுறை வெறுமனே இழுத்தார். பிறகு மேலுதட்டிலும் ஒரு இழுப்பு. நல்ல மழிப்பில் கேட்கும் சரசரப்பு கேட்கவில்லை. பின்னால் நின்ற யாரோ ஒரு ஆள் தொண்டையைச் செருமினார். காதுமடலுக்குப் பின்னால் நான் பூசிய சந்தனம் கொஞ்சம் காய்ந்து ஒட்டியிருந்தது, அது தண்ணீரில் கரைந்து கழுத்தில் இறங்கியது.

எல்லாம் முடிந்து ஆற்றில் முங்கி எழுந்தபோது அவர் என் பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேப்பேன். அம்மா நம்பினாளா?"

ஆறு அந்த இடத்தில் மலையிலிருந்து இறங்கிய வேகத்தோடு இருக்கும். காலை ஊன்றி நிற்க வேண்டும்.

"நம்பினாங்க அண்ணாச்சி."

சத்தியமாவா என்று அவர் கேட்கவில்லை. நானும் சத்தியம் என்ற சொல்லை எடுக்கவில்லை, அது அவரிடம் செல்லாது என்று எனக்குத் தெரியும். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மறுபடி முங்கினார். நெடுநேரம் எழவில்லை. எழுந்தபோது நான் படியேறிக்கொண்டிருந்தேன். அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அம்பாசமுத்திரம் வரும்போது வேட்டி காய்ந்துவிட்டது. கணக்கு இவ்வளவுதான். நடந்ததை முழுசாக எழுதினால் மகனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னதை விட்டுவிட்டு எழுதினால், பொய் சொன்னால் நிம்மதி என்று எழுதினதாக ஆகும். அதுவும் பொய். ஒரு டீ குடித்துவிட்டு ஜங்ஷன் பஸ்ஸில் ஏறினேன். இருட்டுவதற்குள் தச்சநல்லூருக்குப் போய்விட்டேன்.

என் ஜோடிக்காரன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கட்டுரைக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"கையெழுத்து வாங்கிட்டியாலே?"

"இல்ல. அது வேண்டாம். அந்தம்மா கதைய எடுத்துரு."

"எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? பூத்துக்காரரும் கண்டக்டரும்தான்."

"அதக் குடு. ஒன் பேர மட்டும் போட்டுக் குடு."

"ஒனக்குச் சர்டிபிகேட்?"

வேண்டாம் என்றேன். அவன் ஏன் என்று பலமுறை கேட்டான். கெஞ்சினான், திட்டினான், கிறுக்கன் என்றான். அவனிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் டீச்சருக்குப் போகும், டீச்சரிடமிருந்து ஊருக்குப் போகும். கடைசியில் அவன் அம்மா சோறு போட்டார்கள். சாப்பிடும்போது, "இனி எங்கலே போவ?" என்று கேட்டான். தெரியாது என்றேன். பையில் இருந்த வெள்ளைச் சட்டையை மடித்து அவனிடமே கொடுத்து, திங்கட்கிழமை டீச்சரிடம் ஒப்படைக்கச் சொன்னேன்.

அவன் சித்தப்பா அதே தெருவில் ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். போஸ்டர் ஒட்டுகிற ஆள் சொல்லாமல் நின்றுவிட்டதாக அவர் அலுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் விடிந்ததும் போய் நின்றேன்.

"பசை காய்ச்சத் தெரியுமா?"

"காட்டுங்க அண்ணாச்சி, பாத்துக்கிடுதேன்."

மைதாவைக் கரைத்துக் கொதிக்க வைத்து, பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் போட்டுக் கிண்டினேன். அவர் உள்ளேயிருந்து போஸ்டர் கட்டு ஒன்றை எடுத்து வந்தார். மை இன்னும் முழுசாகக் காயவில்லை. கண்ணீர் அஞ்சலி என்று மேலே பெரிய எழுத்து, நடுவில் ஒரு பெரியவரின் படம், கீழே பெயர், ஊர், இறந்த நாள்.

"டவுன்ல ஒட்டு. பேட்டையில ஒட்டு. அப்புறம் மார்க்கெட்டு. ஜங்ஷன் பக்கம் மட்டும் போயிராத."

"ஏன் அண்ணாச்சி?"

"இவரு மகன் மெட்ராஸ்ல இருந்து காலை ரயில்ல வாரான். சீரியஸ்னுதான் சொல்லியிருக்காங்க. வீட்டுக்கு வந்து பாத்துக்கிடட்டும்."

நான் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்னவே, பசை ஆறுது" என்றார். வாளியைச் சைக்கிளில் மாட்டினேன். போஸ்டர்களை எழுத்து உள்பக்கமாக இருக்கும்படி திருப்பிச் சுருட்டி, கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு, டவுன் பக்கம் மிதித்தேன்.